புற்றுநோயாளியின் மனச்சோர்வும் பதற்றமும்: ‘சகஜம்தானே’ என்று விட்டுவிடக் கூடாதவை

“கேன்சர்னு சொன்ன பிறகு மனுஷன் சந்தோஷமாவா இருப்பான்?”

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்து, அவர் வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கும்போது, பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. மருத்துவர்களிலும் இப்படி நினைக்கிறவர்கள் உண்டு. நோயாளியே அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார். அதனால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. மருந்தாலும் முறையான ஆலோசனையாலும் பெருமளவு குணமாகக்கூடிய இன்னொரு நோய் அந்த உடம்பில் சேர்ந்துகொண்டது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

ஸ்காட்லாந்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்துபோன 21,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான மனச்சோர்வு நுரையீரல் புற்றுநோயாளிகளில் 100-க்கு 13 பேருக்கும், மார்பகப் புற்றுநோயாளிகளில் 9 பேருக்கும், குடல் புற்றுநோயாளிகளில் 7 பேருக்கும் இருந்தது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நுரையீரல் புற்றுநோய் போன்ற கொடிய நோயிலேயே 100-க்கு 87 பேருக்கு அந்த அளவு மனச்சோர்வு இல்லை. அவர்களுக்குக் கவலை இருந்திருக்கும், அழுகை வந்திருக்கும். ஆனால் மனச்சோர்வு என்ற நோய் வரவில்லை. அப்படியானால் கேன்சர் வந்தால் மனச்சோர்வும் வந்தே தீரும் என்பது உண்மையில்லை. இரண்டாவது செய்திதான் வேதனையானது. மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவீதம் பேர் அதற்கு உருப்படியான எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இலவச மருத்துவமும் ஊருக்கு ஊர் குடும்ப மருத்துவரும் உள்ள நாட்டில் இந்த நிலை. காலை ஆறு மணிக்கே டோக்கனுக்கு நிற்கும் நம் ஊர் ஓ.பி.யில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: துக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதற்காக அது நோயாக மாறாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை வேண்டாம் என்றும் இருந்துவிடாதீர்கள்.

எது துக்கம், எது நோய்?

பயாப்சி ரிசல்ட் வந்த முதல் சில நாட்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். முதலில் நம்ப முடியாது. ‘ரிப்போர்ட் மாறியிருக்கும், வேற லேப்ல கொடுத்துப் பாக்கலாம்’ என்று தோன்றும். அப்புறம் அழுகை, கோபம், தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை. எந்த வேலையும் ஓடாது. சிகிச்சைத் திட்டம் ஒன்று கைக்கு வந்து, என்றைக்கு ஆபரேஷன், எத்தனை கீமோ என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். இது இயல்பு. இதற்கு மாத்திரை தேவையில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும், விவரம் வேண்டும், நேரம் வேண்டும்.

மனச்சோர்வு இதிலிருந்து வேறுபட்டது. துக்கம் வரும், போகும். அழுதுகொண்டிருப்பவர், மகள் வயிற்றுப் பேத்தி ஓடிவந்து மடியில் ஏறினால் ஒரு நிமிடமாவது முகம் மலர்வார். மனச்சோர்வில் அந்த மலர்ச்சி வராது. தினமும் சாயந்திரம் ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைக்கு நடந்து போகத் தெம்பில்லை என்று மகன் அதே பேப்பரை வீட்டுக்கே வாங்கி வந்து கட்டிலில் வைக்கிறான். அது மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்கிறது. நாலு நாள் பேப்பர் சேர்ந்துவிடுகிறது. ‘ஏம்ப்பா படிக்கலையா?’ என்றால், ‘படிச்சு என்ன ஆகப்போகுது?’ என்று பதில் வருகிறது. உடம்பில் தெம்பில்லாதவருக்குப் படிக்க ஆசை இருக்கும், முடியாது. மனச்சோர்வு வந்தவருக்கு அந்த ஆசையே வற்றிவிடும். நான் முதலில் கவனிக்கச் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலும் ஏறக்குறைய இதுதான். குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக எல்லா நாட்களிலும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்க வேண்டும், அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் ஆகியவற்றில் கோளாறு, தன்னைத் தானே மட்டமாக நினைப்பது, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவையும் சேர்ந்து வரும்.

குற்ற உணர்வு நம் வீடுகளில் எப்படி வெளிப்படும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘என்னால உங்க எல்லாருக்கும் பாரம்’, ‘எனக்குச் செலவு பண்ற காசைப் பிள்ளை படிப்புக்கு வைங்க’, ‘போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ’. குடும்பத்தின் மேலுள்ள பாசத்திலும் இப்படிப் பேசலாம்தான். ஆனால் தினம் தினம் இதையே திருப்பிச் சொல்லி, நாம் என்ன சமாதானம் சொன்னாலும் உள்ளே இறங்கவில்லை என்றால், அதைப் பெரிய மனதுக்காரரின் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். நோயின் குரலாக இருக்கலாம்.

இங்கே ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. பசியில்லை, தூக்கமில்லை, எடை குறைகிறது, எப்போதும் அசதி. இவை மனச்சோர்வின் அறிகுறிகள். புற்றுநோயின் அறிகுறிகளும் இவையேதான், கீமோவின் பின்விளைவுகளும் இவையேதான். எதை எதன் கணக்கில் எழுதுவது? 1983-ல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்றே 14 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். ஏழு கேள்வி பதற்றத்துக்கு, ஏழு கேள்வி மனச்சோர்வுக்கு. பசி, எடை, தூக்கம் போன்ற உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மனம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் கேட்கும் பட்டியல் அது. அடுத்த ஆண்டு ஜீன் எண்டிகாட் என்ற உளவியலாளர் வேறொரு வழி சொன்னார். புற்றுநோயாளியிடம் பசிக்குப் பதிலாக முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தூக்கத்துக்குப் பதிலாக, மனிதர்களை விட்டு ஒதுங்குகிறாரா, பேச்சு குறைந்துவிட்டதா என்று பாருங்கள். அசதிக்குப் பதிலாகத் தன்னிரக்கத்தையும் நம்பிக்கையின்மையையும், கவனக்குறைவுக்குப் பதிலாக, நல்ல செய்தி சொன்னாலும் முகம் மாறாத தன்மையையும் பாருங்கள் என்றார். வீட்டிலிருப்பவர்களுக்கும் இது உதவும். எவ்வளவு சாப்பிட்டார் என்ற கணக்கைவிட, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாரா என்பது அதிகம் சொல்லும்.

பதற்றம் எப்போதெல்லாம் வரும்?

மனச்சோர்வு வந்தவர் அடங்கிப் போகிறார். பதற்றம் வந்தவர் அடங்க மாட்டார். நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை, வயிற்றைப் பிசைவது, ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது, இரவு இரண்டு மணிக்கு போனில் ‘ஸ்டேஜ் 3’ என்று தேடிக்கொண்டிருப்பது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியான தொகுப்பொன்றின்படி, புற்றுநோயாளிகளில் ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு என்றால், பத்தில் ஒருவருக்குப் பதற்ற நோய். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

பதற்றம் சிகிச்சை நெடுக ஒரே அளவில் இருக்காது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலும், ஸ்கேன் எடுப்பதற்கு முந்தைய வாரத்திலும் ஏறும். பலருக்கும் ஆச்சரியம் தருவது, சிகிச்சை முடிந்த பிறகு வரும் பதற்றம். அதுவரை வாரா வாரம் டாக்டரைப் பார்த்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, யாரோ கவனித்துக்கொண்டே இருந்தார்கள். ‘இனி மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று சொன்ன அன்றைக்கு வீடே இனிப்பு கொடுத்துக் கொண்டாடும். நோயாளிக்கோ அன்றிலிருந்துதான் பயம் ஆரம்பிக்கும். தலைவலி வந்தால் மூளைக்குப் பரவிவிட்டதோ, முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று தோன்றும். ‘எல்லாம் முடிஞ்சுதே, இன்னும் என்ன?’ என்று கேட்டுவிடாதீர்கள். திரும்ப வந்துவிடுமோ என்ற அச்சம் குணமானவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது, அதற்கென்றே தனிச் சிகிச்சை முறைகளும் வந்துவிட்டன.

இன்னொன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் என்று ஒன்று, ரத்தச் சிவப்பு நிறத்தில் இருக்கும். அது ஏறிய அன்றும் மறுநாளும் கடுமையான வாந்தி வரக்கூடும். இரண்டு மூன்று முறை அப்படி ஆன பெண்ணுக்கு, நாலாவது முறை பஸ் ஆஸ்பத்திரி ஸ்டாப்பை நெருங்கும்போதே குமட்டும். ஊசி இன்னும் ஏறவில்லை. வார்டின் வாடை, நர்ஸின் உடுப்பு, கடையில் யாரோ குடிக்கும் ரோஸ்மில்க், எதுவும் போதும். ‘மனசுல நினைச்சுக்கிட்டு வாந்தி எடுக்கறா’ என்று யாராவது சொன்னால் அது அநியாயம். மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லோவ் காட்டினாரே, அதே கதைதான். அந்த இடத்தையும் வாந்தியையும் மூளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. அவள் கட்டுப்பாட்டில் இல்லாத விஷயம் இது. ஒரு தடவை முடிச்சு விழுந்துவிட்டால் வழக்கமான வாந்தி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. ஆகவே முதல் கீமோவிலேயே வாந்தியை நன்றாகக் கட்டுப்படுத்துவதுதான் சிறந்த தடுப்பு. வந்த பிறகு, தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், தேவைப்பட்டால் முந்தைய இரவும் அன்று காலையும் கொஞ்சம் லோராஸெபாமும் கொடுப்பார்கள். முதல் கீமோவுக்குப் பிறகு எத்தனை தடவை வாந்தி வந்தது என்று குறித்துவைத்து, மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடம்பே காரணமாக இருக்கலாம்

மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்போ, போன கையோடோ, சில உடல் காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் வலி. வலி அடங்காத ஒருவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. வலியைக் குறைத்ததும் பாதி மனச்சோர்வு தானே இறங்கிவிட்டவர்கள் உண்டு.

கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் (நம் நோயாளிகள் மொழியில் ‘கரண்டு’) வைத்தவர்களுக்குச் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ தைராய்டு சுரப்பு குறையலாம். அசதி, மந்தம், எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும், பார்க்க மனச்சோர்வு போலவே இருக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஒரு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தசோகை, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் ஊசி ஆகியவையும் மனநிலையைக் கெடுக்கலாம். கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இரண்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்து, எரிச்சலையும் படபடப்பையும் தரும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைட் சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாது, கால்கள் பரபரக்கும், அறைக்குள் அங்குமிங்கும் நடப்பார்கள். பதற்றம் என்று நினைத்துவிடுவோம். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும்.

திடீரென்று மூச்சுத் திணறலும் படபடப்பும் வந்தால் அதைப் பதற்றம் என்று வீட்டில் நீங்களே முடிவு கட்டாதீர்கள். புற்றுநோயாளிகளுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. அதேபோல, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த வயதான நோயாளி இன்று திடீரென்று அடங்கிப்போய், பேசினால் கவனம் நிற்காமல், பகல் இரவு குழம்பி, தூங்கித் தூங்கி விழுந்தால் அது மனச்சோர்வு இல்லை. மனச்சோர்வு இப்படி ஒரே நாளில் வராது. கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் வேகம் போன்றவற்றால் மூளை குழம்பிய நிலையாக இருக்கலாம். அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

‘தைரியமா இருங்க’

அன்பில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: மனம் உறுதியாக இருந்தால் கேன்சர் குணமாகும், மனம் தளர்ந்தால் கட்டி வளரும். இதைப் பலர் உண்மை என்றே நம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் தினம் வருகிறது. நோயாளிக்கு இதனால் என்ன ஆகிறது தெரியுமா? அழுவதற்கே பயந்துபோகிறார். ஸ்கேன் ரிசல்ட் மோசமாக வந்தால், ‘நான்தான் தைரியமா இல்லை போலிருக்கு’ என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். நோயும் அவர் தலையில், நோய் வளர்ந்த பழியும் அவர் தலையில்.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2001-ல், பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 235 பெண்களை வைத்துக் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாராவாரம் குழுவாகக் கூடி, பயம், கோபம், சாவு என்று எதையும் மறைக்காமல் பேசினார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கூட்டம் இல்லை. குழுவில் இருந்தவர்களின் ஆயுள் நீளவில்லை. ஆனால் அவர்களது மன வேதனை குறைந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. போராட்டக் குணத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2002-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையும், உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்றே சொன்னது. ஆகவே அழுதால் கட்டி வளராது. பயந்தால் கீமோ வேலை செய்யாமல் போகாது. நோயாளியிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் தோளிலிருந்து ஒரு பெரிய சுமை இறங்கும்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்வதும் ஆயுளை நீட்டலாம் என்ற கணக்கில் இல்லை. இருக்கும் நாட்களை நரகமாக்கும் ஒரு நோயைக் குறைக்க வழி இருக்கும்போது குறைக்கத்தானே வேண்டும். கூடவே நடைமுறை நன்மை ஒன்றும் உண்டு: மனச்சோர்வு உள்ளவர்கள் மாத்திரையைத் தவறவிடுவதும், கீமோவுக்கு வராமல் நின்றுவிடுவதும் அதிகம்.

மறைப்பதால் வரும் தனிமை

‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தெரிஞ்சா தாங்க மாட்டார்.’ நம் ஊரில் இதைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் இருக்க முடியாது. அல்சர் என்பார்கள், சாதாரணக் கட்டி என்பார்கள், ஃபைலை மகன் பையில் வைத்துக்கொள்வார். ஆனால் அப்பாவுக்குக் கண் இருக்கிறது. வார்டில் சுற்றிலும் முடி உதிர்ந்த தலைகள். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று அவரும் நடிக்க ஆரம்பிப்பார். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

இது நம்மவர்களின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1961-ல் அமெரிக்காவின் சிகாகோவில் மருத்துவர்களிடம் கேட்டபோது, 90 சதவீதம் பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்கிறோம் என்றார்கள். இருபது வருடத்துக்குள் நிலைமை தலைகீழானது. நோயின் பெயரை வெளிப்படையாகப் பேசலாம் என்று ஆன பிறகுதான் நோயாளியின் மனதைப் பற்றிப் பேசவும் இடம் கிடைத்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் 1977-ல் மனநலப் பிரிவை ஆரம்பித்ததும் இந்தக் காலத்தில்தான். புற்றுநோயாளிகளின் மனநலம் தனி மருத்துவத் துறையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக, நாளைக் காலையில் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று நோயாளியிடமே கேட்கலாம். ‘டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது? இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணும்னு இருக்கா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். சிலர், ‘எல்லாம் நீயே பார்த்துக்கோ, எனக்கு ஒண்ணும் சொல்லாதே’ என்பார்கள். அதுவும் அவர் முடிவுதான், மதிக்கலாம்.

சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

ஸ்காட்லாந்து ஆய்வைச் சொன்னேன் அல்லவா, அதே குழுவினர் அடுத்த கேள்விக்கும் பதில் தேடினார்கள். மனச்சோர்வு உள்ள 500 புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு: ‘இவருக்கு மனச்சோர்வு இருக்கிறது’ என்று அவரவர் மருத்துவருக்குத் தெரிவித்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு பிரிவினருக்கு, இதற்கென்றே பயிற்சி பெற்ற புற்றுநோய் நர்ஸ் ஒருவர் பொறுப்பேற்றார். நாலு மாதத்தில் அதிகபட்சம் பத்துச் சந்திப்புகள். மனநல மருத்துவர் மேற்பார்வையிட்டு மாத்திரையைக் கூட்டவோ மாற்றவோ ஆலோசனை தந்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் கவனித்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்திருந்தது. மற்றவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. நுரையீரல் புற்றுநோயால் நீண்ட நாள் இருக்க வாய்ப்பில்லாத 142 பேரிடமும் இதே முறை பலன் தந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது, இதற்கு ஊருக்கொரு மனநல நிபுணர் தேவையில்லை என்று அது காட்டியதுதான். பயிற்சி பெற்ற நர்ஸும், விடாமல் கேட்கும் வழக்கமும் இருந்தால் பெரும்பகுதி வேலை நடக்கும். நம் மாவட்ட மருத்துவமனைகளில் இது முடியாத காரியமில்லை.

அந்தச் சந்திப்புகளில் என்னதான் செய்கிறார்கள்? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. முதலாவது, விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பத் தொடங்கவைப்பது. காலை டீயைக் கட்டிலில் குடிக்காமல் வாசலில் போய் உட்கார்ந்து குடிப்பது, தெருமுனை வரை பத்து நிமிடம் நடப்பது, வாரம் ஒருமுறை ஒரு நண்பருக்குப் போன் செய்வது. மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனம் வரும் என்பது இதன் அடிப்படை. இரண்டாவது, மலைபோல் தெரியும் பிரச்சினைகளைத் துண்டு துண்டாக்கிக் கையாள்வது. ‘பணத்துக்கு என்ன செய்வேன்’ என்று இரவெல்லாம் புரண்டு படுப்பவரோடு உட்கார்ந்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும், புதன்கிழமை யார் போய்வருவது என்று எழுதிவிடுவது. பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிடாது. ஆனால் தன்னால் ஏதோ செய்ய முடிகிறது என்ற எண்ணம் திரும்பும்.

மாத்திரைகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் பெரிய பயம், பழகிவிடும் என்பது. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ரலின் போன்றவை போதை தருவதில்லை, இன்னும் இன்னும் என்று கேட்கவைப்பதுமில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. பழக்கமாகும் ஆபத்து உள்ளவை வேறு வகை: அல்ப்ராஸோலம், லோராஸெபாம் போன்ற பதற்ற மாத்திரைகள். அவற்றைக் கொஞ்ச நாளைக்கு, டாக்டர் சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். பசியும் தூக்கமும் கெட்டு, குமட்டலும் உள்ளவருக்கு மிர்டாஸபின் என்ற மாத்திரையைப் பல மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அது மனச்சோர்வோடு அந்த மூன்றுக்கும் உதவக்கூடும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள், மனச்சோர்வுக்கு பராக்ஸெடின், ஃப்ளூஆக்ஸெடின் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. டமாக்ஸிஃபென் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். இந்த இரண்டு மாத்திரைகளும் அந்த நொதியை முடக்கிவிடும். வென்லாஃபாக்சின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவற்றில் இந்தத் தொந்தரவு குறைவு. மனநல டாக்டரிடம் போகும்போது கேன்சர் மாத்திரைச் சீட்டையும், கேன்சர் டாக்டரிடம் போகும்போது மனநல மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு ‘பாலியேட்டிவ் கேர்’ எனும் ஆதரவுச் சிகிச்சை இருக்கிறது. கடைசி நாட்களுக்கு மட்டுமே உரியது என்று அதைத் தள்ளிப்போடுகிறோம். 2010-ல் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன.

சாவைப் பற்றிப் பேசினால்

‘கடவுளே, என்னை எடுத்துக்கோ’ என்று வலியில் சொல்வதும், உயிரை மாய்த்துக்கொள்ள யோசிப்பதும் ஒன்றில்லை. ஆனால் எது எது என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று பலர் மனதைத் திறப்பார்கள். இங்கிலாந்தில் லட்சக்கணக்கான புற்றுநோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், நோய் கண்டுபிடித்த முதல் ஆறு மாதங்களில்தான் இந்த ஆபத்து மிக அதிகம் என்று தெரிந்தது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், மருந்துகளைப் பத்திரப்படுத்துங்கள், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

ஓ.பி.யில் எப்படிச் சொல்வது?

டாக்டர் உங்களுக்கு ஒதுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ‘மனசு சரியில்லை டாக்டர்’ என்று பொதுவாகச் சொன்னால் ‘கவலைப்படாதீங்க’ என்று பதில் வந்துவிடும். எழுதிக்கொண்டு போங்கள். ‘மூன்று வாரமாக யாரோடும் பேசுவதில்லை. பேப்பர், டி.வி. எதுவும் பார்ப்பதில்லை. போன வாரம் இரண்டு தடவை வாழப் பிடிக்கவில்லை என்றார்.’ இப்படி எத்தனை நாள், என்ன மாற்றம், என்ன சொன்னார் என்று மூன்று வரி போதும். கூடவே, ‘சைக்கியாட்ரி ஓ.பி.க்கு எழுதிக் கொடுங்க’ என்று நேராகவே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை இயங்குகிறது. மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகியும் மாற்றம் தெரியவில்லை என்றால், மருந்து வேலை செய்யாது என்று விட்டுவிடாமல் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். அளவைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரையும் கவனியுங்கள். வார்டு வராண்டாவில் பாய் விரித்துப் படுத்து, வேலைக்கு லீவு சொல்லி, கடன் வாங்கி, நோயாளி முன்னால் சிரித்த முகமாக இருக்கும் அந்த அட்டெண்டருக்கும் இதே மனச்சோர்வும் பதற்றமும் வருகின்றன. பெரும்பாலும் அது மனைவியோ மகளோ. சாப்பிட்டியா என்று கேட்பதோடு, கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினாய் என்றும் கேளுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது வேறு யாராவது போய் வார்டில் தங்கி, அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். 14416-க்கு நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, அவரும் பேசலாம்.